நீக்கி வைத்த கதவு

என்னிடம் உள்ள பழைய தாள்களில் மிகச் சிறியது உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. தேயிலைப் பெட்டிகளில் ஒட்டும் லேபிளின் பின்புறத்தில், நீல மையில், முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு வரிகள்: “பிள்ளைக் கொட்டகைக் கதவை உடனே நீக்கி வைக்கவும். மறுபடி சாத்திக்கொள்ளாதபடி பார்த்துச் செய்யவும்.” கீழே எங்கள் தோட்டத்துப் பெரிய கிளார்க்கின் சுருக்கொப்பம். மூலையில் அக்டோபர் என்பதும் வியாழன் என்பதும் தெரிகின்றன. தேதியும் ஆண்டும் இருந்த இடத்தில் மழைநீர் பட்டு மை பரவிவிட்டது. ஆண்டு தெரியாத தாள் எனக்குக் காலில் தைத்த முள் மாதிரி. எடுக்காமல் நடக்க முடியாது. எழுதும் காகிதம் கிடைக்காமல் லேபிளின் பின்புறத்தில் எழுதியிருப்பதால் இரண்டாம் உலகப் போர்க்காலம் என்று கொள்கிறேன். நான் குன்னூர்ச் சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கம்பவுண்டராக வந்த பிறகு. போர் முடிந்த செய்தியைக் கேட்டு ஃபாக்டரிச் சங்கை விடாமல் ஊதியதற்கு முன்பு. அதைவிட நெருக்கமாக என்னால் காலத்தைச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமையும் அதற்கு அடுத்த நாளும் எனக்கு நேற்றுப்போல் நினைவிருக்கின்றன. காரணம், சீட்டை எழுதியவரும் அல்ல, சீட்டைப் பெற்றவரும் அல்ல. கொட்டகை அக்கா.

எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். துரைகூட ‘கொட்டாய் அக்கா’ என்பார். அது அவருடைய பெயர் என்றே நினைத்திருக்கலாம். உயரமான, ஒல்லியான பெண்மணி. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. அவிநாசிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து, பல வருடம் கொழுந்து பறித்தவர். ஒரு மழைக்காலத்தில் கூடையோடு சரிவில் விழுந்து வலது தோள் மூட்டு நழுவியது; பொருந்திய பிறகும் பழையபடி பொருந்தவில்லை. கை தோளுக்கு மேல் உயராது. தோட்டத்தின் வழக்கமோ கடுமையானது. வேலை இருந்தால் லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டில் ஒரு அறை. வேலை இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டியதுதான். இறங்கினால் அக்காவுக்குப் போக்கிடம் ஒன்றே ஒன்று, தம்பி வீடு. அதைப் பற்றி என்னிடம் ஒருமுறை சொன்னார்: “என்ற பொறந்தவன் தங்கமானவனுங் தம்பி. அவன் பொண்டாட்டிதான் சோத்துக்கு முந்தி ஒரு கரண்டி பேச்சு போடுவா. அதத் தின்னே வவுறு நெறஞ்சு போயிரும். அரிசிச் செலவே இல்லீங்.”

தோட்டங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி இடம் வேண்டும் என்று சட்டம் வந்தது விடுதலைக்குப் பிறகுதான். அதற்கு முன்பு அது அந்தந்தத் துரையின் மனதைப் பொறுத்தது. எங்கள் தோட்டத்தில் துரைசானியின் மனதைப் பொறுத்திருந்தது. சில்வர் ஓக் மரங்களில் தூளி கட்டி, மேலே ஒரு குடையைச் செருகி, குழந்தைகளை மழையில் தொங்கவிட்டுத் தாய்மார்கள் கொழுந்து பறிப்பதைப் பார்த்து, அவர் துரையிடம் ஒரு கொட்டகை கேட்டு வாங்கினார். மண்வெட்டியும் முள்வாரியும் போட்டுவைத்திருந்த பழைய தகரக் கூரைக் கட்டடம் அது. வெள்ளையடித்து, அடுப்பு வைத்து, சாக்குத் துணியில் வரிசையாகத் தூளிகள் கட்டி, பாலுக்கும் ஏற்பாடு செய்தார்கள். தோள் நழுவிய அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது. துரைசானி அதோடு நிற்கவில்லை. அப்போது பங்களாவின் ஒரு பகுதியைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கழற்றிய கதவு ஒன்றைக் கொட்டகைக்கு அன்பளிப்பாக அனுப்பினார். பச்சை வண்ணம் பூசிய கனமான தேக்குக் கதவு. நடுவில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு பித்தளைக் குமிழ். குளிர்காற்று உள்ளே வராமல் இருக்க, திறந்த கையோடு தானே சாத்திக்கொள்ளும்படி ஒரு ஸ்பிரிங்கும் வைத்துத் தந்தார். தோட்டத்திலேயே அழகான கதவு அதுதான். அதன் பிறகு கொட்டகைக்கு யாரும் வரவில்லை.

வரவில்லை என்றால், முதல் நாள் கதவைப் பிடித்துக்கொண்டு துரைசானியே நின்றிருந்தபோது வந்தார்கள். அவர் போன பிறகு வருகை தேய்ந்து தேய்ந்து நின்றது. மரங்களில் தூளிகள் திரும்பவும் முளைத்தன. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. கூலிகளின் மூடநம்பிக்கை என்றார் துரை. செய்த நன்மை தெரியாத கூட்டம் என்றார் பெரிய கிளார்க்கு. என் மருந்துக்குப் பயந்து பிள்ளைகளை அனுப்பவில்லை என்று நான் நினைத்தேன். புதிதாக வேலைக்கு வந்தவனுக்கு எல்லாம் தன்னால்தான் நடக்கிறது என்று ஒரு நினைப்பு இருக்கும். அக்கா மட்டும் வேறொன்றை நினைத்தார். கொட்டகைப் பாலில் தான் தண்ணீர் கலப்பதாக யாரோ பேச்சுக் கட்டிவிட்டார்கள் என்று நம்பினார். வெறும் தூளிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அந்தப் பேச்சைக் கட்டியது யாராக இருக்கும் என்று லயத்துப் பெண்களை ஒவ்வொருவராக மனதில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவர் சிரிப்பது குறைந்துபோனது. ஒருநாள் பெரிய கிளார்க்கு வந்து, மாதக் கடைசியில் துரை பார்வைக்கு வருவார், இப்படியே இருந்தால் கொட்டகை உரக் கிடங்காக மாறும், அக்காவின் பெயரையும் வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கொடுமைக்காரர் அல்ல. பொள்ளாச்சிக்காரர், நல்ல மனிதர். கெட்ட செய்தியையும் அழகான கையெழுத்தில் எழுதியதுபோலச் சொல்வார், அவ்வளவுதான்.

இதற்கிடையில் எனக்கு வேறொரு கவலை வந்திருந்தது. ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். காலையில் மருந்தறைக்குப் போகும் வழியில், கொட்டகைக்கு எதிரே கொய்யா மரத்தடியில், தலையில் கம்பளி போர்த்தி, முதுகில் கூடையும் இடுப்பில் குழந்தையுமாகச் சில பெண்கள் நின்றுகொண்டு இருமுவார்கள். ஒருத்தி இருமி நிறுத்தினால் அடுத்தவள் தொடங்குவாள். கொஞ்ச நேரம் இருமிவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, குழந்தைகளோடு மலையேறிப் போவார்கள். நெஞ்சில் சளி கட்டியவர்களின் இருமல் மாதிரி இல்லை. தொண்டையில் மட்டும் நிற்கும் வறட்டு இருமல். புத்தகத்தில் தேடினேன். பொருந்துகிற நோய் எதுவும் அகப்படவில்லை. தொற்றாக இருந்துவிடப் போகிறதே என்று பயந்து, அத்தனை பேரையும் மருந்தறைக்குக் கூட்டிவந்து தேனும் மிளகும் சேர்த்து நானே கலக்கிய மருந்தைக் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தார்கள். மறுநாளும் வந்து இருமினார்கள். மறுநாளும் கொடுத்தேன். என் மருந்துக்கு அவ்வளவு வரவேற்பு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

விஷயம் வெளியே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்துக் குழாயடியில். அக்கா நியாயம் கேட்பது என்ற முடிவோடு போனார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன் என்று சொல்வதுதான் சரி. ஆனால் இருமல் நோயாளிகளைப் பார்க்கப் போவதாக அப்போது சொல்லிக்கொண்டேன். குடம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு இளம்பெண்ணிடம் அக்கா நேராகக் கேட்டார்.

“ஏம்புள்ள, நான் பால்ல தண்ணி ஊத்தறத நீ பாத்தியா?”

அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்தாள். “பாலாங்க்கா? அது எங்கீங் நாங்க பாத்தோம்? உள்ள வந்தாத்தானே பாக்கறதுக்கு.”

“வராதவ எதுக்குப் பேசறே?”

“வந்தமுங்க்கா. தெனமும் வந்தம். நின்னு செருமிச் செருமித் தொண்டை வத்திப்போச்சு. நீங்கதான் கதவ நீக்கவே இல்லீங்களே.”

பக்கத்தில் இருந்த மூத்த பெண் ஒருத்தி, “தகரத்துல மழை அடிக்கறப்ப இவளுக்கு எங்க கேக்கும்னு நான் அப்பவே சொன்னேன்” என்றாள். இன்னொருத்தி என்னைக் கண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “பாவமுங்க இந்தக் கம்பவுண்டரு. நாங்க அக்காளக் கூப்பிடச் செருமுனா, இவரு வந்து கூட்டிட்டுப் போயி மருந்து குடுக்கறாரு. இனிச்சுக் கெடந்துச்சுங்களா, வேண்டாம்னு சொல்ல மனசு வரலீங்.” குழாயடி முழுவதும் சிரித்தது. அக்கா சிரித்த சிரிப்பில் குடத்துத் தண்ணீர் ததும்பியது என்று பிறகு என்னைக் கேலி செய்வார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்திருந்தால் அந்தத் தோட்டத்தில் மேற்கொண்டு காலம் தள்ளியிருக்க முடியாது.

இங்கே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, ‘நீக்கு’ என்ற சொல். கொங்குப் பக்கத்தில் கதவை நீக்குவது என்றால் திறப்பது. நான் மதுரைக்காரன். தோட்டத்துக்கு வந்த முதல் வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே நின்று “கதவ நீக்குங்க” என்றபோது, இவருக்கும் என் கதவுக்கும் என்ன பகை என்று திகைத்திருக்கிறேன். மற்றொன்று, செருமல். பங்களாவுக்குப் போகும் தொழிலாளி கதவைத் தட்டமாட்டார். தட்டுவது மரியாதைக் குறைவு. தொடுவதோ அதைவிடப் பெரிய குற்றம். படிக்குக் கீழே, கொஞ்சம் தள்ளி நின்று, தொண்டையைச் செருமுவார். உள்ளேயிருந்து யாராவது வரும்வரை செருமிக்கொண்டே நிற்பார். பச்சை வண்ணமும் பித்தளைக் குமிழும் கொண்ட கதவை அந்தப் பெண்கள் பங்களாவில் மட்டுமே பார்த்திருந்தார்கள். அதே கதவு கொட்டகைக்கு வந்தபோது, பங்களா வாசலின் மரியாதையும் அதனோடு சேர்ந்து வந்துவிட்டது. யாரும் சொல்லாமலே அவர்கள் கொய்யா மரத்தடிக்கு விலகி நின்றார்கள்.

கதவு பேசும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை. அன்று முதல் கைப்படும் சாமான்களை எல்லாம் உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். இன்றும் அந்தப் பழக்கம் விடவில்லை. கொழுந்துக் கூடையின் பட்டையைக் கையில் வாங்கினால் அது தானே நெற்றியைத் தேடிப் போகும். தூக்குப்போசியின் வளையத்தைப் பார்த்தவுடன் விரல் மடங்கும். சொம்புக்குக் கழுத்து எங்கே என்று எந்தக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் கதவில் நாதாங்கிச் சங்கிலி தொங்கினால் இழுக்கத் தோன்றும். வெறும் பலகையாக இருந்தால் தள்ளத் தோன்றும். இந்தக் குமிழோ எதையும் சொல்லாது. பிடித்துத் திருக வேண்டும் என்பது, முன்பே திருகிப் பழகியவருக்குத்தான் தெரியும். துணிந்து கை வைத்த ஒன்றிரண்டு பெண்களும் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது உள்பக்கம் திறக்கும் கதவு. ஒரு கையில் பிள்ளை, முதுகில் கூடை, மற்றொரு கையில் மழைக்கு இழுத்துப் பிடித்த கம்பளி. ஈரக் கையில் அந்த வழவழப்பான உருண்டை நின்றால்தானே? அத்தனை அழகையும் அன்பையும் செலவழித்து, எதற்காக வைத்தார்களோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொருத்தமான ஒரு கதவை வைத்திருந்தார்கள்.

காரணம் தெரிந்தவுடன் அக்கா பழைய அக்கா ஆகிவிட்டார். மறுநாள் காலையிலேயே கதவை விரியத் திறந்து, ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார். ஸ்பிரிங் கல்லை நகர்த்தியது. பெரிய கல்லை வைத்தார். அதையும் நகர்த்தி, கதவு அறைந்து சாத்திக்கொண்டது. நல்லவேளையாக அங்கே எந்தக் குழந்தையின் விரலும் இல்லை. கயிற்றால் கட்ட மேலே ஆணி அடிக்கலாம் என்றால் அவருடைய கை உயராது. மூன்று நாள் இப்படிக் கதவோடு மல்லுக்கட்டியபின், வியாழக்கிழமை காலையில் ஆபீசுக்கு வந்தார். நான் அங்கே மருந்துச் சரக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை துரையும் துரைசானியும் பார்வைக்கு வருவதாக ஏற்பாடு. பெரிய கிளார்க்கு தலை நிமிராமல் என்ன என்று கேட்டார்.

“என்னைய நீக்கறதுக்கு முந்தி அந்தக் கதவ நீக்குங்க சாமி” என்றார் அக்கா. “அது நீங்கி நின்னுச்சுன்னா புள்ளைக வரும். புள்ளைக வந்தா நான் இருப்பேன். ஆசாரிகிட்டச் சொல்லி ஒரு வழி பண்ணிக் குடுங்க.”

பெரிய கிளார்க்குக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். சிரித்துக்கொண்டே ஒரு லேபிளைத் திருப்பிப் போட்டு, மேலே நான் சொன்ன இரண்டு வரிகளையும் எழுதினார். ஆசாரியின் பட்டறை கீழே ஃபாக்டரிக்குப் பின்னால் இருந்தது. நான் கொடுக்கிறேன் என்று அக்காவே சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

ஆசாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கருத்த, கட்டையான உருவம். எழுத்துமூலம் வந்த உத்தரவை அணுவும் கூட்டமாட்டார், அணுவும் குறைக்கமாட்டார். மாலையில் மருந்தறையைப் பூட்டிவிட்டு வந்தபோது, பெரிய கிளார்க்கின் குரல் மழையைத் தாண்டிக் கேட்டது. கொட்டகைக்கு முன்னால் ஓடினேன். நிலையில் கதவு இல்லை. கீல், ஸ்பிரிங், குமிழ் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, கதவைச் சுவரில் சாத்திவைத்து, தன் வேலையில் தானே திருப்தியடைந்தவராக ஆசாரி நின்றிருந்தார்.

“என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?” என்றார் பெரிய கிளார்க்கு.

“நீக்கி வச்சிருக்கேன்.”

“நீக்கச் சொன்னா கழட்டுவாங்களா?”

“கழட்டாம எப்படிய்யா நீக்குவாவ? மறுபடி சாத்தாதபடி பாக்கவும்னும் எழுதிருக்கியள்லா. இப்பச் சாத்தட்டும் பாப்போம்.”

“நீக்கறதுன்னா தொறக்கறதுய்யா. தொறந்து வெய்னு சொன்னேன். உங்கூர்ல என்ன தமிழோ.”

“அப்பிடியா சங்கதி” என்றார் ஆசாரி. “அப்போ உங்க ஊர்ல ஒருத்தன வேலைய விட்டு நீக்கினா, கதவத் தொறந்து உள்ள கூப்பிட்டுக்கிடுவாவளோ?”

துரைசானி தந்த கதவு, நாளைக்கு அவர்களே வருகிறார்கள், இன்றைக்கே மாட்டு என்றார் பெரிய கிளார்க்கு. கீலின் திருகாணிகள் துருப்பிடித்து உடைந்துவிட்டன, புதிது வாங்கக் குன்னூர் பஜாருக்குத்தான் போக வேண்டும், அதுவும் போர்க்காலத்தில் கிடைக்குமோ என்னவோ என்றார் ஆசாரி. தப்பு எழுதியவருடையதா படித்தவருடையதா என்று இருவரும் விடாமல் வாதிட்டார்கள். ‘நான் இல்லை’ என்பதில் மட்டும் இருவரும் உறுதியாக இருந்தார்கள். அக்கா தன் பழைய கம்பளியைக் கொண்டுவந்து, நிலையின் மேல் சட்டத்தில் தொங்கவிடும்படி என்னிடம் சொன்னார். சாரல் உள்ளே வராமல் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை, கொய்யா மரத்தடியில் யாரும் நிற்கவில்லை. நின்று செரும அங்கே கதவே இல்லையே. முதலில் வந்த பெண் கம்பளியை நெற்றியால் விலக்கிக்கொண்டு நேரே உள்ளே போனாள். கையை எடுக்கவே இல்லை. பிள்ளை இடுப்பிலும் கூடை முதுகிலும் இருந்தபடியே. கம்பளிக்குள் தலையை நுழைப்பது எப்படி என்று அந்தப் பெண்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? தினமும் மழையில் செய்வதுதானே. ஒருத்தியைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். தூளிகள் நிறைந்தன. நிறைந்து, சாக்கை விரித்துத் தரையிலும் விட்டார்கள். அக்கா ஒரு குழந்தையை மடியில் போட்டுப் பாலூட்டியபடி, காலால் ஒரு தூளியை ஆட்டியபடி, “உன்ற மூக்க மொதல்ல தொடச்சுட்டு அப்புறம் அழுவு கண்ணு” என்று மூன்றாவது ஒன்றோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் சிறிது நேரத்தில் வேறு சங்கடம் தொடங்கியது. தவழும் குழந்தைகளுக்கும் கம்பளியை விலக்கத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாக வெளியே புறப்பட்டன. வெளியே இருந்த நாய் உள்ளே வந்தது. அக்கா இரண்டு குழந்தைகளை உள்ளே தூக்கிப்போட்டால் மூன்றாவது வாசலைத் தாண்டியது. ஆசாரி கைகளைக் கட்டிக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், சுவரோரம் சாத்திவைத்த தேக்குக் கதவைக் கிடத்தி, குறுக்கே ரம்பத்தை வைத்தார். பெரிய கிளார்க்கு ஓடிவந்தார். “அது துரைசானி கதவுய்யா” என்றார். “துரைசானி பிள்ளையா வெளியே போகுது?” என்று கேட்டுக்கொண்டே ஆசாரி அறுத்தார். கீழ்ப் பாதியை, உடையாமல் தப்பிய கீல் ஒன்றும் தோல்வார் ஒன்றுமாக வைத்து, இடுப்பளவு அரைக்கதவாக நிலையில் மாட்டினார். பிடியில்லை, குமிழில்லை. முழங்காலால் தள்ளினால் உள்ளே போகும். வெளியே வர, மேல் விளிம்பில் கை வைத்து இழுத்தால் போதும். விளிம்பைப் பார்த்தாலே கை அங்கேதான் போகும். காற்று அடிக்கும்போது மட்டும் கம்பளியை இறக்கிக்கொள்ளலாம். மற்ற நேரம் சுருட்டி மேலே கட்டிவிட்டால், உள்ளே இருக்கும் குழந்தை பாதையில் போகும் தாயைப் பார்க்கும். தாயும் பிள்ளையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மலையேறுவாள்.

துரை வந்தது நடுப்பகலில். நான் மருந்துப் பெட்டியோடு ஓரமாக நின்றேன். குதிரையிலிருந்து இறங்கி நேரே வந்தவர், யாரும் சொல்லாமலே இரண்டு முழங்கைகளையும் அரைக்கதவின் மேல் ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு நொடி கழித்துத் துரைசானியும் பக்கத்தில் அதேபோல ஊன்றிக்கொண்டார். அந்தக் காட்சி என் கண்ணிலேயே நிற்கிறது. தோட்டத்தையே ஆளும் இரண்டு பேர், சந்தையில் கன்றுக்குட்டி பார்க்க வந்தவர்கள் மாதிரி வேலியில் சாய்ந்து நிற்கிறார்கள். உள்ளே தூளி நிறையப் பிள்ளைகள், தரை நிறையப் பிள்ளைகள். பெரிய கிளார்க்கின் முகம் வெளுத்திருந்தது. துரைசானி கதவின் அறுபட்ட விளிம்பைத் தடவிப் பார்த்தார். பச்சை வண்ணத்தை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு அவர் கண்கள் எதையோ தேடின. சுவரோரம் ஒரு தடித்த குழந்தை, இரண்டு கைகளாலும் பித்தளைக் குமிழைப் பிடித்து, பல் முளைக்கும் ஈறால் அதை வெகு சிரத்தையாகக் கடித்துக்கொண்டிருந்தது.

அக்கா, மடியில் இருந்த குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டு, “இப்பத்தானுங்க அம்மா அதுக்கு ஒரு உபயோகம் கெடச்சிருக்கு” என்றார். துரைசானிக்கு எவ்வளவு தமிழ் புரிந்ததோ தெரியாது. ஆனால் அவர் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், அரைக்கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். துரை சிரிக்கவில்லை; அவருக்கு நல்லது என்று பட்டால் மீசையைத் தடவுவார். தடவினார். “நல்ல கதவு” என்றார் தன் தோட்டத்துத் தமிழில். “இது யார் வேலை?”

“நான் எழுத்துமூலம் உத்தரவு போட்டனுங்க துரை” என்றார் பெரிய கிளார்க்கு.

“உத்தரவுல அரைக்கதவுன்னு எங்கய்யா எழுதிருக்கு?” என்று சீட்டை மடியிலிருந்து உருவினார் ஆசாரி.

முந்தின நாள் மாலை ‘நான் இல்லை’ என்று அடித்துப் பேசிய அதே இரண்டு பேர், அன்று ‘நான்தான்’ என்று அதே இடத்தில் நின்று வாதிட்டார்கள். சாட்சியாகக் காட்டியதும் அதே சீட்டைத்தான். சீட்டு மழையில் நனைந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். துரை இருவரையும் கேட்டுவிட்டு, உரக் கிடங்குக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிப் போனார். அக்காவின் பெயர் வேலையில் நின்றது. அவர் மலை இறங்கவில்லை. தம்பி மனைவியின் ஒரு கரண்டிப் பேச்சைப் பண்டிகைக்குப் போகும்போது மட்டும் வாங்கிவந்தார். பெரிய கிளார்க்கும் ஆசாரியும் அந்தக் கதவின் உரிமையை விட்டுக்கொடுக்காமலே பல வருடம் நண்பர்களாக இருந்தார்கள். எனக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது: லயத்தில் யாராவது செருமினால் போதும், “கம்பவுண்டரக் கூப்பிடுங்க, மருந்து குடிக்கோணும்” என்பார்கள்.

இப்போது குன்னூரில் பென்சன் வாங்கப் போகும் பாங்கில் கண்ணாடிக் கதவு இருக்கிறது. இரு பக்கமும் ஒரே மாதிரி நீண்ட கைப்பிடி. ஒரு பக்கம் ‘தள்ளு’ என்றும் மறுபக்கம் ‘இழு’ என்றும் ஒட்டியிருக்கிறார்கள். படித்தவர்கள் உள்பட எல்லோரும் முதலில் தவறாகச் செய்துவிட்டு, பிறகு எழுத்தைப் படிக்கிறார்கள். காவலுக்கு நிற்பவர் நாள் முழுவதும் கதவை மற்றவர்களுக்குத் திறந்துவிடுவதிலேயே கழிக்கிறார். எழுதி ஒட்ட வேண்டிய நிலைக்கு ஒரு கதவு வந்துவிட்டால், அது பாதி தோற்றுவிட்டது என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். “கதவு தோத்தா என்னுங் சார், எனக்கு வேலை இருக்குதுல்ல” என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

ஆசாரியும் பெரிய கிளார்க்கும் எப்போதோ போய்விட்டார்கள். அக்கா, பிள்ளைகளின் பிள்ளைகளையும் தூளியில் ஆட்டிவிட்டு, லயத்திலேயே கண்ணை மூடினார். ஆசாரி காலமானபின், அவருடைய கருவிப்பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த இந்தச் சீட்டை எனக்குத் தந்தவர் அவர் மனைவி. தரும்போது அவர் ஒன்று சொன்னார். அந்த வியாழக்கிழமை காலை அக்கா சீட்டோடு பட்டறைக்கு வந்தபோது, ஆசாரிக்குச் சந்தேகம் வந்ததாம். “நீக்கவும்னு எழுதிருக்கே, இந்த ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டாராம். அக்கா, “உங்க ஊர்ல என்னங்க அர்த்தம்?” என்று திருப்பிக் கேட்டாராம். கழற்றி எடுப்பது என்றாராம் ஆசாரி. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அப்படியே செஞ்சிருங்க” என்று சொல்லிப் போனாராம். ஆசாரி இதைப் பெரிய கிளார்க்கிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் கதவு தன்னுடையது இல்லை என்று ஆகிவிடும் என்பதனாலோ என்னவோ. அக்கா உயிரோடு இருந்தபோதே நான் அவரிடம் இதைக் கேட்டேன். அவர் மடியில் அழுதுகொண்டிருந்த குழந்தையை என் கையில் கொடுத்து, “இவள ஒரு நிமிசம் புடிங்க தம்பி” என்று எழுந்து போனார். பால் காய்ச்சப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. உள்ளே அவர் சிரிப்பது கேட்டது. ஆசாரியின் மனைவி சொன்னதற்கு வேறு சாட்சி இல்லை. ஆகவே இதை உறுதி செய்யப்படாத தகவல் என்றே இங்கே குறித்துவைக்கிறேன்.